ரத்தம் கட்டுகிற ஊசி

காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஜில்லா. 1968-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி, திங்கட்கிழமை முற்பகல், போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ரைட்டரால் பதிவு செய்யப்பட்டது.

குற்றப் பிரிவு: (காலியாக விடப்பட்டுள்ளது)

பெயர் தில்லையம்மாள். வயது முப்பத்து நான்கு. கணவர் பெயர் வேலாயுதம். தொழில் கணவருடன் சேர்ந்து பட்டு நெசவு. இருப்பிடம் பிள்ளையார்பாளையம், கன்னியம்மன் கோயில் தெரு. எழுதப் படிக்கத் தெரியாது.

நான் மேற்படி வீட்டில் என் கணவருடனும், அவருடைய அண்ணன் மாணிக்கவாசகத்துடனும் குடியிருந்து வருகிறேன். அண்ணனுடைய மனைவி காலமாகிவிட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இன்று காலை மாணிக்கவாசகம் இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் நான் என் கணவரை வயிற்றில் கட்டையாலும் மற்ற இடங்களில் கையாலும் அடித்து உடம்பெல்லாம் ரத்தக்கட்டு உண்டாக்கினேன் என்று இருக்கிறது. அது பொய். அதற்குப் பதில் சொல்லுவதற்கு முன்னால் ஒரு விஷயம் முதலில் எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது. என் கணவர் உயிரோடு வீட்டில் படுத்திருக்கிறார். அவர் வயிற்றை எண்ணெய் போட்டு நீவுவதற்கு தாமல் ஊர் கோதண்டபாணி வைத்தியர் வந்திருக்கிறார். அதை உடனே நிறுத்தி, என் கணவரை வண்டி வைத்து சென்னைக்கு அனுப்ப வேண்டும். என்னை அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார வைத்து விசாரிக்கலாம், நான் ஓடிப் போகிறவள் இல்லை. இதற்கு சப் இன்ஸ்பெக்டர் ஐயா, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் பேசாதே, ஆரம்பத்திலிருந்து சொல் என்று சொன்னதால் ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன்.

கடந்த தை மாதம் என் கணவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலியும், சாயங்காலமானால் குளிர்காய்ச்சலும் வர ஆரம்பித்தது. தறியில் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வந்த பிடிப்பு என்று அவர் சொன்னார். வாயு என்று அவருடைய அண்ணன் சொன்னார். அதன் பிறகு அவருக்குக் கண் மஞ்சளானதைப் பார்த்து நான் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். அதன் பிறகும் குணமாகாமல், மூச்சு இழுத்தாலே வலிக்கிறது என்று அவர் சொன்னதால், நானும் அவர் அண்ணனும் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே படம் எடுத்துப் பார்த்து, கல்லீரலுக்குள் பெரிய சீழ்க்கட்டி இருக்கிறது, அது உள்ளே உடைந்தால் ஆள் தங்கமாட்டார் என்று சொல்லி, மாசி மாதம் ஆபரேஷன் செய்தார்கள். சீழை எடுத்த பிறகு விலாப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பித்தநீர் பச்சையாக ஒரு பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டம் தாண்டிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில், அவருக்கு ஊசி போட்ட இடத்தில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தேன். மாற்றி வைத்த பஞ்சும் நனைந்தது. அதன் பிறகு வாய் கொப்பளித்தால் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. அதன் பிறகு ஆபரேஷன் காயத்தின் மேல் போட்டிருந்த துணி நனைந்து, படுக்கை விரிப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, என் கணவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அதைத் தன் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றார். அதன் பிறகு குழாயைச் சாய்த்து எனக்குக் காட்டினார்.

"பாருங்கம்மா, இந்நேரம் இது கெட்டியாயிருக்கணும். சாய்ச்சா அசையக் கூடாது. இது தண்ணி மாதிரி ஓடுது பாருங்க" என்றார்.

ரத்தம் கெட்டியாவதற்கு வேண்டிய சரக்கைக் கல்லீரல்தான் செய்கிறது, அது இப்போது சோர்ந்து கிடக்கிறது, பித்தநீரும் வெளியே போய்விடுவதால் சாப்பாட்டில் இருக்கும் ஒரு சத்து உடம்பில் ஒட்டாமல் போகிறது, பிறவியில் இல்லாத கோளாறு ஆபரேஷனுக்குப் பிறகு வந்திருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. குழாயில் ஓடியது மட்டும் புரிந்தது. உறை ஊற்றி வைத்த பால் விடிந்து பார்த்தாலும் பாலாகவே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்தக் கண்ணாடிக் குழாயை என் கணவருடைய அண்ணன் மாணிக்கவாசகம் மாமா பார்க்கவில்லை. அப்போது அவர் காப்பி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும், தம்பிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தார். ஊசி என்றால் தெருவைத் தாண்டி ஓடுகிற மனிதர், அன்றைக்குத் தம்பிக்காகப் படுத்தார். இதையும் எழுத வேண்டும். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கெட்டவராக இருந்தால் தடுக்க நாலு பேர் வருவார்கள், எனக்கும் இவ்வளவு பயம் இருக்காது.

அவர் எழுந்து வந்த பிறகு அதே டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "ரத்தம் கட்டறதுக்கு ஊசி போடறோம். வீட்டுக்குப் போனப்புறமும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கணும், நிறுத்தக் கூடாது" என்று சொன்னார். எங்கள் இருவர் காதிலும் ஒரே வார்த்தைதான் விழுந்தது. ஓடுகிற ரத்தம் கெட்டியாக ஊசி என்று எனக்கு அர்த்தமானது. அவருக்கு வேறு மாதிரி அர்த்தமாகியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்த ஊசி போட்ட பிறகு ரத்தம் கசிவது குறைந்தது. பங்குனி பிறந்த பிறகு ரப்பர் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாய் இருந்த துளையிலிருந்து பச்சை நீர் கசிவது மட்டும் நிற்கவில்லை. தறியில் உட்காரக் கூடாது, வயிற்றில் எதுவும் அழுத்தக் கூடாது, வேப்பங்குச்சியில் பல் விளக்கக் கூடாது, யாரையும் உடம்பு பிடித்துவிடச் சொல்லக் கூடாது, ஊசி நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்கு வந்துபோகும் அந்தோணி கம்பவுண்டர் வீட்டிலேயே ஊசி போட்டார். முதல் ஊசி போட்ட இடம் சாயங்காலத்துக்குள் ஊதா நிறமாகி, மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. நான் கேட்டதற்கு அந்தோணி, "அவரு உடம்பு இப்ப அப்படிம்மா. குத்தின எடத்துல உள்ளாற கசியும். போட்டப்புறம் பஞ்சு வச்சி நல்லா நேரம் அமுக்கிக்கினு இரு" என்றார். நான் அப்படியே செய்து வந்தேன்.

இதை மாணிக்கவாசகம் மாமா பார்த்துவிட்டார். தம்பி சட்டையைக் கழற்றும்போது பார்த்து, "இன்னாடா இது, இப்படி ரத்தம் கட்டிக்கினு இருக்குது?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எங்காவது இடித்துக்கொண்டு தோல் கறுத்துப் போனால் ரத்தம் கட்டிவிட்டது என்றுதான் சொல்லுவோம். ஐயாவும் அப்படித்தான் சொல்லுவீர்கள். ஊசி போட்டதில் அப்படி ஆனது என்று நான் சொன்னேன்.

"அந்த டாக்டரே சொன்னாரே, ரத்தம் கட்டறதுக்கு ஊசின்னு. நீயும்தானே கூட நின்னுக்கினு இருந்தே? கட்டறதுக்கு ஊசி போட்டா கட்டாம இன்னா பண்ணும்?" என்றார்.

"மாமா, அது வேற கட்டு, இது வேற கட்டு" என்றேன்.

"கட்டுல இன்னாம்மா ரெண்டு கட்டு? என் ரத்தம்தானே அவன் உடம்புல ஓடுது. எனக்கு ஒரு எடத்துல கட்டியிருக்குதா பாரு" என்று சொல்லி, தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக் குழாயைப் பற்றிச் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. அதன் பிறகு அந்தோணி வந்தபோது, இனிமேல் ஊசிப் பெட்டியோடு வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். என் கணவரும், அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பங்குனி உத்திரத் திருவிழா வந்தது. மாமா சுவாமி தூக்கப் போகிறவர். அவர் கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள் நான் அந்தோணியைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்து ஒரு ஊசி போட வைத்தேன். திருட்டுத்தனம் என்று சொன்னால் சொல்லட்டும். அந்த ஊசியின் தடமும் ஊதாவாகி, மாமா கண்ணில் பட்டது. யார் போட்டது என்று கேட்டார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தோணி வேலை பார்க்கிற டாக்டரிடமும் போய்ச் சத்தம் போட்டதால், அந்தோணி எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு ஊசியும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் தோட்டத்துப் பக்கம் துணி துவைக்கிற கல் ஓரத்தில் சிவப்பாகத் துப்பியிருந்தது. வெற்றிலை போடக் கூடாது என்று சொல்லியும் போட்டிருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்து, "யாருய்யா உனக்கு வெத்தல வாங்கிக் குடுத்தது?" என்று சண்டைக்குப் போனேன். அவர் வாயைத் திறந்து காட்டினார். வெற்றிலை இல்லை. ஈறு ஓரமெல்லாம் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. சவரம் செய்துகொண்ட அன்று தாடையில் பட்ட கீறல் மறுநாளும் காயவில்லை. முட்டியில், முதுகில், எதிலும் இடித்துக்கொள்ளாத இடத்திலெல்லாம் ஊதாத் திட்டு வந்தது. மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ஊசியின் விஷம் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லுவார். அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது, இன்றைக்குப் புகாரைப் படித்துக் காட்டியபோதுதான் தெரிகிறது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை காலை நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். குடத்தோடு திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்குள் தறியில் நாடா ஓடுகிற சத்தம் கேட்டது. மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அப்படியானால் தறியில் யார் என்று நினைத்ததும் குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். என் கணவர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். ஐயா தறியைப் பார்த்திருக்கலாம். நெய்த துணி சுருளுகிற மரம் நெய்கிறவனுடைய வயிற்றுக்கு நேராகக் குறுக்கே இருக்கும். அதில் வயிறு அழுந்தத்தான் குனிந்து நெய்ய முடியும். ஆபரேஷன் செய்த வயிறு அந்த மரத்தில் அழுந்திக்கொண்டிருந்தது.

"சும்மா படுத்துக்கினே கையெல்லாம் மரத்துப் போச்சு தில்லை. கொஞ்சம் போட்டுட்டு எழுந்துடறேன்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். தையிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தும் கத்தினேன்.

"எழுந்திருய்யா! வயிறு கிழிஞ்சி சாவணுமா உனக்கு? இப்ப நீ எழுந்திருக்கலேன்னா நானே உன்னக் கொன்னுடுவேன்!" என்றேன்.

பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் ஜன்னல் வழியாக இதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. அந்த வார்த்தையை நான் சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும், கங்கையம்மாளுக்கு நன்றாகவே தெரியும். அதன் பிறகு என் கணவர் மரத்தில் கை ஊன்றிக் குழியிலிருந்து எழுந்தார். எழுந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, அந்த மரத்தின் மேலேயே முன்பக்கமாகச் சாய்ந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். வலது கையால் தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அவருடைய இடது புஜத்தைப் பிடித்து இழுத்து என் மேலே சாய்த்துக்கொண்டேன். விட்டிருந்தால் மறுபடியும் மரத்தில் விழுந்திருப்பார். கங்கையம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தது இந்த இழுத்ததைத்தான். அதன் பிறகு அவரை நடக்க வைத்துக்கொண்டு போய்ப் பாயில் படுக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வயிற்றில் குறுக்காக, மரம் அழுந்தின இடத்தில், கருஊதாவாகப் பட்டை விழுந்திருந்தது. இடது புஜத்தில் என் கை விழுந்திருந்தது. முன்பக்கம் நான்கு விரல், பின்பக்கம் பெருவிரல், தனித்தனியாகத் தெரிந்தது. நான் இவ்வளவு அழுத்தியா பிடித்தேன் என்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர், "வலிக்கல தில்லை, வுடு" என்றார். மாமா வந்து பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு என்னோடு பேசினார்.

"இது யார் கை?" என்று கேட்டார்.

எனக்கும் ஆத்திரம். "என் கைதான். இன்னா இப்போ?" என்றேன். அதற்குமேல் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

அன்று பகலெல்லாம் என் கணவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூத்திரம் அரக்குச் சாயம் கலந்த தொட்டித் தண்ணீர் போல இறங்கியது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. சென்னைக்கு அழைத்துப் போய்விடலாம் மாமா, உங்கள் காலில் விழுகிறேன் என்று சொல்லி விழவும் விழுந்தேன். அவர், "அங்க போனா மறுபடியும் அதே ஊசியத்தான் குத்துவானுங்க. என் தம்பிய நான் தாமல்காரருகிட்ட காட்டிக்கிறேன். கட்டின ரத்தத்தை அவரு கரைச்சி எடுத்துடுவாரு" என்றார். கோதண்டபாணி வைத்தியர் நல்ல கைராசிக்காரர்தான். மாமாவுக்கு ஒரு தடவை சுவாமி தூக்கும்போது தோள்பட்டை இசகுபிசகாகி வீங்கியதை அவர்தான் நீவிச் சரி செய்தார். மாட்டிலிருந்து மனிதர் வரைக்கும் விழுந்து அடிபட்ட ரத்தக்கட்டுக்கு அவரைத்தான் தேடிப் போவார்கள். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் தானாக நின்றுபோன ரத்தம். இந்த உடம்பில் அது நிற்கவே இல்லை. அழுத்தினால் இன்னும் உடைத்துக்கொண்டு ஓடும்.

இன்று காலை நான் வாடகைக் கார் கேட்கலாம் என்று வாசலுக்கு வந்தபோது இந்த ஸ்டேஷன் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் வந்து, புகார் இருக்கிறது என்று என்னை அழைத்தார்கள். தெருமுனையில் கோதண்டபாணி வைத்தியர் எங்களுக்கு எதிரே வந்தார். ஒரு கையில் எண்ணெய்த் தூக்கு, ஒரு கையில் மருந்து மூட்டை. என்னைப் பார்த்து, "உங்க வூட்டுக்குத்தாம்மா வரேன். பயப்படாத, ரெண்டு வேளை அழுத்தி உருவுனா எல்லாம் கரைஞ்சிடும்" என்றார். தைரியம் சொல்லுகிற முகத்தோடு சொன்னார். நான், "தொடாதீங்க ஐயா, அவரத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டு அவர் தூக்கைப் பிடுங்கப் போனேன். கான்ஸ்டபிள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வைத்தியர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்த பிறகு, என் கணவரிடம் வீட்டிலேயே ஏற்கனவே விசாரித்துவிட்டதாகவும், "தில்லைதான் புடிச்சி இழுத்தா" என்று அவர் சொன்னதாகவும் என்னிடம் சொன்னார்கள். அவர் சொன்னது சரி. மீதியைச் சொல்ல அவருக்குத் தெம்பு இருந்திருக்காது. அதன் பிறகு சப் இன்ஸ்பெக்டர் ஐயா என்னை ஒரு கேள்வி கேட்டார்.

"ரத்தமே கட்டாத வியாதின்னு சொல்றே. உடம்பு முழுக்க ரத்தம் கட்டிக் கிடக்குதே. ரெண்டுல எதும்மா நெஜம்?"

இரண்டும் நிஜம். ரத்தம் கட்டினால் ஓடாமல் நிற்கும். கட்டாததால் அது உள்ளேயே ஓடித் தோலுக்கு அடியில் போய்த் தேங்குகிறது. அதையும் நாம் ரத்தக்கட்டு என்றுதான் சொல்லுகிறோம். நின்றதற்கும் நிற்காததற்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு ஊரே பேசினால் நான் என்ன செய்வது? அதன் பிறகு நான் என் வலது கையை மேசை மேல் நீட்டினேன். தெருமுனையிலிருந்து இந்த வாசல் வரைக்கும் கான்ஸ்டபிள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு இன்னும் நோகிறது. நான் ஒரு நொடி பிடித்ததற்கு என் கணவர் கையில் ஐந்து விரலும் இருக்கிறது. இவ்வளவு தூரம் பிடித்ததற்கு என் கையில் என்ன இருக்கிறது, பாருங்கள் என்றேன். ஐயா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடமும் இல்லை. அதன் பிறகுதான் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, சைக்கிளில் போய் அந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டு வா என்று அனுப்பினார்.

கான்ஸ்டபிள் திரும்பி வருவதற்குள் ரைட்டர் இதுவரை உள்ளதை எழுதி முடித்தார். கான்ஸ்டபிள் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வைத்தியரு வேலைய முடிச்சிட்டாரு ஐயா. வயித்துல, கையில எல்லாம் எண்ணெய் போட்டு உருவி, வெந்நி ஒத்தடமும் குடுத்துட்டாராம். வலியே இல்லையாம். ஆளு அசந்து தூங்கறாரு. அண்ணங்காரரு பக்கத்துல குந்திக்கினு விசிறிக்கினு இருக்காரு. ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கறான், எழுப்பாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடறாரு."

நான் அவரிடம், "தொட்டுப் பாத்தியாப்பா? உடம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சில்லுனு இருந்துச்சும்மா. வேர்த்திருந்துச்சு. எண்ணெய் தேச்ச உடம்பாச்சே" என்றார்.

அவர் தூங்கவில்லை. இதை அப்படியே எழுத வேண்டும் என்று ரைட்டரிடம் சொன்னேன், எழுதினார். வலித்தவருக்கு வலி இல்லாமல் போனதும், தாகம் எடுத்தவர் தண்ணீர் கேட்காமல் இருப்பதும் தூக்கம் இல்லை, உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐயா எழுந்து ஜீப் எங்கே என்று கேட்டார். பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறது, வரச்சொல்லி ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அதன் பிறகு ரைட்டர், மேலே குற்றப் பிரிவு என்ன போடட்டும், அடித்துக் காயம் என்று போடட்டுமா என்று கேட்டார். ஐயா என்னைப் பார்க்காமல், "இப்ப ஒண்ணும் போடாத. காலியா வை. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். சாயங்காலம் வரைக்கும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் இருந்தால் ஒரு பிரிவு, போனால் வேறு பிரிவு. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் காலி இடம் எனக்குத் தெரிகிறது. எந்தப் பிரிவை வேண்டுமானாலும் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜீப் வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு போங்கள். சென்னையில் அந்த டாக்டரிடம் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மாமா சொன்னால் ரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ரைட்டர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, யாரும் மிரட்டியதும் இல்லை. எல்லாம் நடந்தபடியே சொன்னது. கையெழுத்துப் போடத் தெரியாததால் மையில் தொட்டு என் இடது கைப் பெருவிரலைக் கீழே வைக்கிறேன். அவர் புஜத்தின் பின்பக்கத்தில் இருப்பதும் இதே விரல்தான். வேண்டுமானால் இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். தொடாமல் பாருங்கள். தொட்டால் உங்கள் விரலும் பதியும்.

தில்லையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.